தொண்ணூற்று நான்குக்குத் தொண்ணூற்று நான்கு

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இந்த வாக்குமூலத்தை உங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்வார் என்று நீங்கள் சொன்னபோது, வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியது அதனால்தான். அவருடைய எழுத்தை நேற்றுப் பார்த்தேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. மதராஸில் இருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களைப் போன்ற பெரிய டாக்டருக்கு இப்படி ஒரு குமாஸ்தாவா என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

என் பெயர் அர்த்தநாரி. வயது முப்பத்தெட்டு. திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி சாலையில் டாக்டர் வெங்கடாசலம் நடத்தும் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக ரிஜிஸ்டர் எழுதுகிறேன். ஸ்கூல் பைனல் வரை படித்தவன் என்பதால் இங்கிலீஷ் தாள்களைப் படிக்கவும் பார்த்து எழுதவும் வரும். பொய் சொல்வது எனக்குச் சின்ன வயதில் இருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். நீங்கள் நேற்றுக் கேட்ட கேள்விகளில், நான் ஏதோ பித்தலாட்டக்காரன் என்ற தொனி இருந்தது.

எண்பத்தேழாம் நம்பர் வரியைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்த வரியில் இருக்கும் ராசாத்தி என் கூடப் பிறந்த தங்கை. அதைப் பற்றி எழுதாமல் விடமாட்டேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நான் செய்ததில் இருக்கும் நியாயம் விளங்கும்.

கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் எங்கள் பக்கத்தில் வெங்கடாசலம் டாக்டர் வந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாடு வந்த பெண்கள் ரத்தம் போய்ப் போய் வெளுத்துச் சாவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் இன்ன நோய் என்று சொல்வார். அதை ரிஜிஸ்டரில் ‘முன்’ என்ற கட்டத்தில் எழுதுவேன். எடுத்த கர்ப்பப்பையைப் பார்மலின் ஊற்றிய ஜாடியில் போட்டு, மரத்தூள் அடைத்த பெட்டியில் வைத்து, சங்ககிரி ரயிலடி வழியாக மதராஸ் சோதனைச்சாலைக்கு அனுப்புவோம். அங்கே அதைச் சீவி, கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, உண்மையில் இன்னதுதான் இருந்தது என்று எழுதி அனுப்புவார்கள். பதினைந்து இருபது நாளில் தாள் வரும். அதில் இருப்பதை ‘பின்’ என்ற கட்டத்தில் எழுதுவேன். முன்னும் பின்னும் ஒத்துப்போனால் டாக்டர் சொன்னது சரி. வேலை இவ்வளவுதான்.

பெரியநாயகி என்று ஒரு பெண். இருபத்தெட்டு வயது. புற்று என்று சொல்லி டாக்டர் எடுத்துவிட்டார். மதராஸ் தாளில் ஒன்றும் இல்லை என்று வந்தது. நோயே இல்லை. அந்தத் தாளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் கத்தியை எடுத்தவருக்குக் கை நடுங்கியது. பத்து நாள் ஆபரேஷன் அறையைப் பூட்டி வைத்திருந்தார். அந்தப் பத்து நாளுக்குள் ஆத்தாயி என்ற பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். நிஜமாகவே கட்டி, நிஜமாகவே ரத்தம். டாக்டர் தொட மாட்டேன், சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். சங்ககிரி தாண்டுவதற்குள் வண்டியிலேயே உயிர் போய்விட்டது. ஆத்தாயிக்கு நான்கு குழந்தைகள். ஆத்தாயியைக் கொன்றது எது என்று யோசித்துப் பார்த்தேன். மதராஸ் தாள்தான் என்று எனக்குத் தெளிவாகப் பட்டது.

அந்த வருஷம்தான் புது ரிஜிஸ்டர் தொடங்கினோம். மேட்டூர் மின்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அப்போதுதான். புது ரிஜிஸ்டரில் நாலாவது பெண்ணுக்கே டாக்டர் சொன்னதற்கு மாறாகத் தாள் வந்தது. தபாலை நான்தான் உடைப்பேன். சோதனைச்சாலைக்காரர்கள் பெயரும் வயதும் எழுதி அனுப்புவதற்கென்று வெற்றுப் பாரங்களைக் கட்டாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். முடிவையும் அதிலேயே எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றை எடுத்து, அவர்கள் எழுத்து மாதிரியே எழுதி, டாக்டர் என்ன சொன்னாரோ அதையே போட்டேன். டாக்டர் படித்துவிட்டு, “பார்த்தியா அர்த்தநாரி” என்று சொல்லிச் சிரித்தார். பெரியநாயகிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இரண்டு ஆபரேஷன் செய்தார். இரண்டு பேரும் பிழைத்துப் போனார்கள். அவர்களை நீங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

அசல் தாள்களை நான் கிழித்துப் போடவில்லை. என் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் தேதிவாரியாக வைத்திருந்தேன். மூன்று வருஷத்தில் தொண்ணூற்று நான்கு பெண்கள். முப்பத்தொரு தாள் டாக்டர் சொன்னதற்கு மாறாக வந்தது. முன்னையும் பின்னையும் ஒத்துப் பார்ப்பதற்காக நீங்கள் மதராஸில் இருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள். அந்த வேலையை நான் முன்பே ஒழுங்காகச் செய்து வைத்திருந்தேன். மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பத்தொன்றில் பெரும்பாலோருக்கு எடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் ஆபரேஷன் மேஜையில் இருந்து எழுந்திருக்கவில்லை. நான்கு பேருக்கு விஷயம் வேறு மாதிரி. டாக்டர் வெறும் கட்டி என்றார், தாளில் புற்று என்று வந்தது. சரியான தாளைக் காட்டியிருந்தால் அவர்களை மதராஸுக்கு ரேடியம் வைத்தியத்துக்கு அனுப்பியிருப்பார். நான் கட்டி என்று எழுதினேன். நாலு பேரும் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். ஒருத்தியைப் பற்றி மட்டும் பிறகு கேள்விப்பட்டேன். மற்ற மூவரைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரிப்பது என் வேலை இல்லை.

ஜாடியைப் பற்றியும் கேட்டீர்கள். எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம். வயிற்றைக் கிழித்து எடுத்ததைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். புருஷன், மாமனார், மாமியார் எல்லோரும் வந்து நின்று, “கட்டியக் காட்டுங்க, பாக்கோணும்” என்பார்கள். காட்டாவிட்டால் ஊரில் ஆஸ்பத்திரியின் பெயர் கெட்டுப்போகும். எடுத்ததைக் காட்டினால், பல சமயம் கையளவுகூட இருக்காது. இத்தனூண்டுக்கா வயிற்றைக் கிழித்தீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள்.

ஜேடர்பாளையத்து அங்காளம்மாள் என்ற கிழவியின் வயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. சோதனைச்சாலையில் ஒரு கீற்று மட்டும் சீவிக்கொண்டு, டாக்டர் கேட்டதற்காக மீதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு என் அறை அலமாரியில் வைத்திருந்தேன். யார் வந்து கேட்டாலும் அதைக் காட்டுவேன். சீவிய இடம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்துக்கொள்வேன். உங்கள் வீட்டுக்காரியின் கட்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. “வயித்துல இருந்த கட்டி இதுதானுங்க” என்பேன். அங்காளம்மாளின் வயிற்றில் இருந்தது அது. அதைப் பார்த்த பிறகு யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஒரு மாமனார் ஜாடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

டாக்டரிடம் இரண்டு நல்ல வழக்கங்கள் இருந்தன. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், ஒரு மாதம் பொறுத்து வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார். ஒருவேளை ஆபரேஷன் செய்துவிட்டால், எடுத்ததை அங்கேயே பிளந்து பார்ப்பார். ரிஜிஸ்டரில் தப்பே விழாமல் வர வர, இரண்டையும் விட்டுவிட்டார். எதற்குப் பொறுக்க வேண்டும், எதற்குப் பிளக்க வேண்டும், தொட்டாலே தெரிகிறதே என்பார். அவருடைய நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நம்பிக்கையில் பாதி என் எழுத்து அல்லவா.

இனி எண்பத்தேழு.

ராசாத்திக்கு அப்போது இருபத்து நாலு வயது. அவளை வளர்த்தது நான்தான். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். குழந்தைவேலுவுக்குக் கட்டிக்கொடுத்தேன். சங்ககிரி ரயிலடிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுபவர், தங்கமான மனுஷர். எங்கள் ஜாடிப் பெட்டிகளும் அவருடைய பஸ்ஸில்தான் ரயிலுக்குப் போகும். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. அவளுக்கு மாதவிலக்கு எப்போதுமே ஒழுங்கில்லை, இரண்டு மூன்று மாதம் வராமல் இருப்பது புதிதல்ல. போன வருஷம் ஆவணியில் மூன்று மாதம் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் பட ஆரம்பித்தது. அடிவயிறும் கனத்தது. டாக்டர் கை வைத்துப் பார்த்த உடனே கட்டி என்றார். நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார்.

ராசாத்தி நேராக என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணா, எனக்கென்னமோ இது கொழந்தைன்னுதானுங்க தோணுது. ஒரு மாசம் பொறுத்துப் பாத்தா ஆவாதுங்களா?”

பொறுத்தால் ஆகும். இந்த ஜில்லாவில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றில் ஒன்று தப்பு என்று என் தகரப் பெட்டி சொல்கிறது. டாக்டரிடம் போய், என் தங்கைக்கு மட்டும் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்பார். கேட்டால் அதுவரை சேர்ந்திருந்த முப்பது தாளையும் அவர் முன்னால் வைக்க வேண்டும். மறுபடி கை நடுங்கும், மறுபடி ஆபரேஷன் அறை பூட்டப்படும், மறுபடி ஒரு ஆத்தாயி வண்டியில் சாவாள். தவிர, மூன்றில் இரண்டு முறை டாக்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் தோன்றியது. எண்பத்தாறு பெண்களுக்குக் கொடுக்காத சலுகையை என் தங்கைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? அது நியாயமில்லை. சொந்தம் என்பதற்காக ஒருத்தியைத் தனியாக நடத்தும் ஆள் நான் இல்லை.

ரிஜிஸ்டரை எடுத்து அவள் முன்னால் திருப்பி வைத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முன், பின், முன், பின் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள்.

“இந்த ரிஜிஸ்டர்ல ஒரு தப்புக்கூட இல்ல பாரு, சாமி” என்றேன்.

கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். பிறகு, “நீங்க எழுதுனதுல தப்பு இருக்குமுங்களா? செரீங்க அண்ணா, நாளைக்கு வாரேன்” என்றாள். நான் எழுதிக் கொடுத்த சம்மதத் தாளில் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ரா என்ற எழுத்து கொஞ்சம் கோணல்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. டாக்டர் பிளந்து பார்க்கவில்லை. நான் ஜாடியில் போட்டு, பெயர்ச் சீட்டு எழுதி, பெட்டியில் அடைத்தேன். குழந்தைவேலு காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். கட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அலமாரியைத் திறந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார்.

“ஏனுங்க மச்சான், கட்டி இங்க சாடியில இருக்குதுங்களே. அப்ப இந்தப் பொட்டியில நான் என்னத்தக் கொண்டு போறனுங்க?”

ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெட்டி எங்கே போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. “சோதனைக்கு வேண்டியது அதுல இருக்குது மாப்பிள்ளை. குலுங்காமக் கொண்டு போங்க” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பெட்டியைச் சாமான் கட்டும் இடத்தில் போடவில்லை. தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினாராம். அன்றைக்கு ரயிலடிக்கு அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார் என்று பஸ்ஸில் போனவர்கள் குறை சொன்னார்கள்.

பதினெட்டாம் நாள் தாள் வந்தது. நாலே வரி. கட்டி எதுவும் இல்லை. பதினாலு வாரக் கர்ப்பம். ஆண். வளர்ச்சியில் குறையில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். டாக்டர் பெரியநாயகியின் தாளைக் கவிழ்த்து வைத்தது ஞாபகம் வந்தது. பிறகு வெற்றுப் பாரத்தை எடுத்து எழுதினேன். ரிஜிஸ்டரிலும் எழுதினேன். முன்: கட்டி. பின்: கட்டி. கை நடுங்கவில்லை. அந்தப் பக்கத்தை நீங்களே பாருங்கள். அதிலேயே அழகாக விழுந்திருக்கும் வரி அதுதான்.

தை மாதம் குழந்தைவேலுவின் அம்மா அவருக்கு வேறு பெண் பார்த்தார்கள். ராசாத்தியே சம்மதம் சொன்னாள். நம்மால் ஆகாதபோது அவரையும் ஏன் கட்டிவைக்க வேண்டும் என்றாள். துணிமூட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் முந்தானையால் ஜாடியின் தூசியைத் துடைத்தாள்.

“இதப் போயிக் கொழந்தைன்னு நெனச்சேன் பாருங்க. எம்பட புத்தியே புத்தி” என்று சிரித்தாள்.

அப்படி நினைப்பது சகஜம்தான் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

நான் மாட்டிக்கொண்டது என் தவறால் அல்ல. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. சேலத்தில் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில், தொண்ணூற்று நான்கு ஆபரேஷனில் தொண்ணூற்று நான்கும் சரி என்று படித்தார். கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், உலகத்தில் எந்த டாக்டருக்கும் அப்படி அமையாதே என்று மதராஸுக்குப் போய்ச் சோதனைச்சாலையின் நகல் புத்தகத்தைப் புரட்டினீர்கள். இடையிடையே நாலைந்து தப்பை விட்டு வைத்திருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் எந்த நாலைந்து தப்பை அவரிடம் காட்டுவது? எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் இப்போது கத்தியைத் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நேற்று உங்கள் முன்னால் என்னைப் பார்த்து, “ஏன் அர்த்தநாரி?” என்று மட்டும் கேட்டார். உங்களுக்காகத்தான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்குப் பெரிய வேதனை. இன்றைக்கோ நாளைக்கோ ராசாத்தியிடம் போய் உண்மையைச் சொல்லப்போவதாக உங்களிடம் சொன்னாராம். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இதுவரை அவளுக்குப் போனது ஒரு கட்டி. நீங்கள் வாயைத் திறந்தால் போனது ஒரு பிள்ளை என்று ஆகும். அதைச் செய்தவர்கள் நீங்களாக இருப்பீர்கள்.

கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. தகரப் பெட்டியில் முப்பது தாள்தான் இருக்கிறது, ராசாத்தியின் தாள் எங்கே என்று கேட்டீர்கள். தொலைந்துவிட்டது என்று நான் நேற்றுச் சொல்லவில்லை, ஞாபகமில்லை என்றும் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

அந்த ஒன்றைத்தான் எரித்தேன். அவள் என் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அவளுக்குப் படிக்கத் தெரியும், பெட்டிக்குப் பூட்டு கிடையாது. தாளைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ராசாத்தி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எனக்குக் கம்பஞ்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். தாளை அடுப்பில் போட்டேன். பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது. என்னங்கண்ணா அது என்று கேட்டாள். வெறுங்காகிதம் என்றேன். அவள்தான் விறகால் அதை உள்ளே தள்ளிவிட்டாள். எரிகிற வரை பார்த்துவிட்டு மறுபடி சோற்றைக் கிண்டினாள்.

மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான்.